முதல் புலி: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புலியைப் பற்றியே இருந்தன. பள்ளி லீவு முடிந்து எல்லாரும் காட்டுப் பக்கம் போய்விட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் பறவைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கொக்கு, நாரை வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: சார், நாங்கள் ஒவ்வொரு வருஷமும் ஊட்டி போகும்போது முதுமலையில் இறங்கி வனத்துறை வேனில் ஒரு ரவுண்டு போவோம். மான், மயில், யானை, காட்டெருமை எல்லாம் பார்த்தாச்சு. புலி மட்டும் கிடையாது. இந்த முறை எங்களுக்கு முன்னால் போன வேன்காரர்கள் பார்த்துவிட்டு வந்து கதை கதையாகச் சொல்ல, என் பையன் அழுதே விட்டான். அங்கே நிஜமாகவே புலி இருக்கிறதா, இல்லை போர்டில் மட்டும்தானா?
– திருப்பூர் வாசகர்

இருக்கிறது, அதுவும் நிறைய. 2022 கணக்கெடுப்பின்படி முதுமலைக் காப்பகத்துக்குள் 114 புலிகள். புலி பார்க்க என்றே ஜனங்கள் ரயிலேறிப் போகிறார்களே, மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா, அங்கே அதே கணக்கெடுப்பில் 105. மகாராஷ்டிரத்துத் தடோபாவில் 97. பரப்பையும் பாருங்கள்: முதுமலை வெளிவட்டத்தோடு சேர்த்தே 688 சதுர கிலோமீட்டர்தான், மற்ற இரண்டும் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, கணக்குப்படி நம் பக்கத்தில்தான் புலி நெருக்கம் அதிகம். ஆனாலும் தடோபாவுக்குப் போனவர் மூன்று சவாரியில் புலி பார்த்துவிட்டு வருகிறார், நீங்கள் வருஷா வருஷம் போயும் பார்க்கவில்லை.

இதற்குக் காரணம் எண்ணிக்கை இல்லை, மறைப்புதான். முதுமலையில் ரோட்டோரத்துக் கீழ்க்காடு முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அது ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. போதாததற்கு மஞ்சள் பூப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்கிற வெளிநாட்டு மரம் வேறு பரவி, அதை வெட்டி அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய இந்தியாவில் கோடை வந்தால் காடு இலையுதிர்த்து வெளிச்சமாகிவிடும், தண்ணீர் சில குட்டைகளில் மட்டும் மிஞ்சும், வெயில் 45 டிகிரியைத் தொடும். அங்கத்திய புலி பகலிலேயே குட்டைக்கு வந்து, பின்பக்கமாக நகர்ந்து தண்ணீரில் இறங்கி இடுப்பளவில் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் குட்டையோரம் காத்திருந்தால் போதும். இன்னொன்று, அங்கே குட்டியாக இருந்த நாளிலிருந்து ஜீப்பைப் பார்த்தே வளர்ந்த புலிகள், தாயும் அப்படி, பாட்டியும் அப்படி. வண்டி என்றால் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதுமலையில் நடுக்காட்டிலேயே கூடலூர் – மைசூர் ரோடு போகிறது, ஹாரன், லாரி, பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் டூரிஸ்ட் பஸ். அந்தப் பக்கம் தலைகாட்டப் புலிக்கு என்ன தலையெழுத்து?

அப்புறம் நேரம். வேனில் ஒரு ரவுண்டு என்பது ஒரு மணி நேரச் சமாச்சாரம். இருபது பேர், நாலு குழந்தை, இரண்டு சிப்ஸ் பாக்கெட். டிரைவர் முடித்துவிட்டு அடுத்த ஆட்களை ஏற்ற வேண்டும். நின்று காத்திருக்க அவருக்கு நேரமில்லை. புலி பார்ப்பதில் முக்கால்வாசி வேலை நின்று காத்திருப்பதுதான், அதிலும் காதைக் கொடுத்துக் காத்திருப்பது. கண்ணால் தேடுகிறவர்களுக்குப் புலி தற்செயலாகக் கிடைத்தால்தான் உண்டு. கேட்கத் தெரிந்தவர்களுக்குக் காடே காட்டிக்கொடுக்கும்.

எப்படி என்றால், புலி நகரும்போது மற்றவை சும்மா இருப்பதில்லை. புள்ளிமான் கீச்சென்று ஒரு கூர்மையான குரல் கொடுக்கும், ஆனால் அது பயந்தாங்கொள்ளி, நாய்க்கும் கத்தும், மலைப்பாம்புக்கும் கத்தும், அதை மட்டும் நம்பி ஓடாதீர்கள். மரத்து உச்சியில் இருக்கும் சாம்பல் மந்தி 'கொக்.. கொக்' என்று இருமுவதுபோல் கத்திக்கொண்டே கீழே ஒரே திசையைப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், உயரத்திலிருந்து அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கேளையாடு குரைக்க ஆரம்பித்தால் நிறுத்தவே நிறுத்தாது. எல்லாவற்றுக்கும் மேல் கடமான், தென்மாவட்டத்தில் மிளா என்பார்கள், அது சின்ன விஷயத்துக்கெல்லாம் வாய் திறக்காது. 'டாங்க்' என்று தகரத்தில் அடித்ததுபோல் அது குரல் கொடுத்து, முன்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றால் புலியோ சிறுத்தையோ செந்நாயோ பக்கத்தில் இருக்கிறது. கத்தல் ஒரே இடத்திலிருந்து வந்தால் அது படுத்திருக்கிறது. கத்தல் இடம் மாறிக்கொண்டே வந்தால் நடக்கிறது, எந்தப் பக்கம் என்பதும் அதிலேயே தெரியும். அது ரோட்டுக்கு வரும் இடத்தை ஊகித்து வண்டியை முன்கூட்டியே நிறுத்துகிறவர்தான் நல்ல ஓட்டுநர். ரோட்டுக்கு ஏன் வருகிறது என்றால் அதற்கும் மெத்தென்ற மண்பாதையில் நடப்பதுதான் சௌகரியம், முள் குத்தாது, சருகு சத்தம் போடாது. காலையில் முதல் வண்டியில் போகிறவர்கள் பாதையைப் பாருங்கள்: நேற்று மாலை போன டயர் தடத்துக்கு மேல் கால்தடம் விழுந்திருந்தால் ராத்திரி நடந்தது. தடத்துக்கு மேல் டயர் ஓடியிருந்தால் பழைய கதை.

உங்கள் பையனுக்கு நான் சொல்வது: அடுத்த முறை முதுமலையோடு முடிக்காமல் பந்திப்பூரோ கபினியோ போய், மூன்று நான்கு மணி நேரம் காட்டுக்குள் இருக்கிற சவாரியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். எல்லாம் ஒரே காடுதான், பந்திப்பூரில் 150, கபினி இருக்கிற நாகரஹொளேயில் 141 என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது, கோடையில் கபினி நீர்த்தேக்கம் வற்றும்போது கரை திறந்த புல்வெளியாகிவிடும். ஒரே சவாரியில் பார்க்கவில்லை என்று எழுந்து வராதீர்கள். காலை, மாலை, மறுநாள் காலை என்று வையுங்கள். அப்படியும் பார்க்காமல் திரும்பலாம், அதையும் பையனிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் கைடு ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, "மோந்து பாருங்க, பாசுமதி அரிசி வாசம் வருதா? புலி போயிருக்கு" என்றார். எல்லாரும் தலையாட்டினோம். ரீல்தானே?
– கும்பகோணம் வாசகி

ரீல் இல்லை, சுத்தமான வேதியியல். புலி தன் எல்லையைக் காட்ட மரத்தின் மேல் வாலைத் தூக்கிப் பின்பக்கமாகப் பீய்ச்சும். அந்தத் திரவத்தில் இருக்கிற 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள்தான் பாசுமதிக்கும் மணம் தருகிறது, ரம்பை இலைக்கும் அதேதான். கொல்கத்தாவில் ரதன்லால் பிரம்மச்சாரி என்ற விஞ்ஞானி வருஷக்கணக்கில் புலி மூத்திரத்தை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். புலி மேல் பிரியம் இருந்தால் மனிதர் எதையெல்லாம் மோந்து பார்க்கிறார் பாருங்கள். இனி பிரியாணிக் கடையைக் கடக்கும்போது புலி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: திம்பம் மலைப்பாதையில் என் மைத்துனர் காரில் வரும்போது புலியைப் பார்த்ததாகப் போட்டோ அனுப்பினார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.
– ஈரோடு வாசகர்

சந்தேகம் சரி. உடம்பில் இருப்பது கோடு இல்லை, பூப்போன்ற வளையப் புள்ளிகள். படத்தில் உட்கார்ந்திருப்பது சிறுத்தை, தடுப்புச் சுவர் மேல் பூனை மாதிரி ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. வளர்ந்த ஆண் புலி இருநூறு கிலோ வரும், அது அந்தச் சுவரில் இப்படி ஒடுங்கி உட்கார முடியாது. மைத்துனரை ரொம்பக் கிண்டல் செய்யாதீர்கள், திம்பத்தில் புலியும் உண்டு. அந்த ரோடு சத்தியமங்கலம் காப்பகத்துக்குள்தான் போகிறது, 85 புலிகள் இருக்கிற காடு, காப்பகமாக அறிவித்தது 2013-ல்தான். அடிபட்டுச் சாகும் விலங்குகளைக் காப்பாற்றத்தான் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. ஆனால் மைத்துனரிடம் ஒன்று கேளுங்கள்: கார் கண்ணாடியை இறக்கிவிட்டு எடுத்தாரா, இல்லை காரை விட்டே இறங்கிவிட்டாரா? படத்தின் கோணத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. அதற்கு வேண்டுமானால் நன்றாகத் திட்டலாம்.

கேள்வி: ஐயா, நான் கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். போன மாதம் விடிந்தும் விடியாமல் லைன் வீட்டிலிருந்து இறங்கும்போது, வளைவில் புலி நின்றது. இருபது அடி இருக்கும். எனக்குக் கை கால் ஓடவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். அது என்னைப் பார்த்தது, அப்புறம் சில்வர் ஓக் மரங்களுக்குள் போய்விட்டது. இன்றைக்கு வரை தூக்கம் இல்லை. மேஸ்திரியிடம் சொன்னால் சிரிக்கிறார், "டவுன்காரன் காசு கொடுத்துப் பார்க்கிறான், உனக்கு ஓசியிலே கிடைச்சிருக்கு" என்கிறார். உங்கள் பத்திரிகையில் எல்லாரும் புலியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். நான் பார்க்காமல் இருக்க ஆசைப்படுகிறவள். அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அம்மா, நீங்கள் செய்ததுதான் சரி. பயத்தில் நின்றீர்களோ யோசித்து நின்றீர்களோ, நின்றது உங்களைக் காப்பாற்றியது. ஓடியிருந்தால், அல்லது முதுகைத் திருப்பியிருந்தால், அல்லது உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நிமிர்ந்து நிற்கிற மனிதன் புலியின் இரை வரிசையில் இல்லை, பெரும்பாலும் அது விலகித்தான் போகும். குனிந்தும் குந்தியும் இருக்கிற மனிதன்தான் அதற்கு வேறு ஏதோ விலங்காகத் தெரிகிறான். புல் அறுக்கிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள், விடிகாலையில் ஒதுங்கப் போகிறவர்கள் இவர்களே அதிகம் தாக்கப்படுவது இதனால்தான். மறுபடி இப்படி ஆனால் (ஆகக்கூடாது), முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு, கையை உயர்த்தி உடம்பைப் பெரிதாகக் காட்டி, சத்தமாகப் பேசிக்கொண்டே அடிமேல் அடியாகப் பின்னால் வாருங்கள். அது போன பிறகும் அதே பாதையில் தொடராதீர்கள். வங்காளத்துச் சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போகிறவர்கள் 1980களின் பிற்பகுதியில் பின்னந்தலையில் மனித முகமூடி மாட்டிக்கொண்டு போனார்கள், பின்னாலிருந்து வருகிற புலிக்கு முகம் தெரிய வேண்டும் என்பதற்காக. கொஞ்ச காலம் அது பலனும் தந்தது.

இப்போது மேஸ்திரி விஷயம். அவர் சொன்னது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. ஜீப்பில் உட்கார்ந்து பார்ப்பதும், கூடையோடு ஒற்றையாக நின்று பார்ப்பதும் ஒன்றா? சவாரி போகிறவர் வீடு திரும்பிவிடுவார், நீங்கள் மறுநாள் காலை அதே வளைவைத் தாண்டித்தான் கூலிக்குப் போக வேண்டும். உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது, 2021-ஐ கூடலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டி23 என்று எண் கொடுக்கப்பட்ட புலி ஆட்களைக் கொன்றதும், கொல்லக்கூடாது என்று நீதிமன்றம் சொல்ல, மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபரில் மசினகுடிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எஸ்டேட்டுக்குள் புலி வருவதை முழுக்கத் தடுக்க முடியாது. நீங்கள் வேலை செய்கிற இடம் ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தாயை விட்டுப் பிரியும் இளம் புலி, ஏறக்குறைய இரண்டு வயதில், தனக்கென்று இடம் தேடி அலையும்போது தேயிலைக்குள் நடந்துதான் ஆக வேண்டும். அப்படிப்பட்டது ஓரிரு நாளில் கடந்துவிடும். கிழடாகிப் பல் உடைந்ததோ, காயம்பட்டதோ, மாட்டுத் தொழுவத்தைப் பழகியதோ என்றால்தான் அங்கேயே சுற்றும். அதனால் இரண்டாம் முறை யாராவது அதே இடத்தில் பார்த்தாலோ, மாடு ஆடு காணாமல் போனாலோ உடனே ரேஞ்சர் ஆபீசுக்குச் சொல்லுங்கள், வாய்வார்த்தையாக மட்டும் இல்லாமல் எழுத்திலும் கொடுங்கள். அவர்கள் கேமரா கட்டிப் பார்த்தால் எந்தப் புலி என்பது தெரிந்துவிடும்.

நிர்வாகத்திடம் நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியவை: நன்றாக வெளிச்சம் வந்த பிறகே வேலை ஆரம்பம், ஒற்றையாக யாரையும் அனுப்பக்கூடாது, கொழுந்து பறிக்க இறங்கும் முன் அந்தப் பகுதியில் சத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், நடைபாதையின் இரண்டு பக்கமும் புதர் வெட்ட வேண்டும், லைன் வீட்டுக்குப் பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும். இதில் ஒன்றுகூட அதிகப்படியான கோரிக்கை இல்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் சங்கோஜப்பட்டுக் கேட்காமல் விடுகிறார்கள். நீங்கள் அதை முதலில் கேளுங்கள். தூக்கம் இல்லாததற்கு வீட்டில் யாரிடமாவது அன்றைக்கு நடந்ததை ஒருமுறை முழுசாகச் சொல்லுங்கள், அதற்கும் மேல் தொடர்ந்தால் ஆஸ்பத்திரியில் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: நான் வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். வில்பத்துவில் சிறுத்தை கண்டிருக்கிறேன். புலி காண வேண்டுமென்றால் உங்கள் பக்கம்தான் வரவேண்டியிருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் தீவில் ஏன் புலி இல்லை?

ஒரு காலத்தில் இருந்தது. இரத்தினபுரிக்குப் பக்கத்தில் குருவிட்டையில் கிடைத்த எலும்புகளில் புலியுடையதும் உண்டு, வயது சுமார் 16,500 ஆண்டுகள். கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் மன்னார்ப் பக்கம் நடந்தே வரலாம். பிற்பாடு கடல் ஏறித் தீவு தனித்துப்போனது, அங்கிருந்த புலியும் அற்றுப்போனது, புதிதாக வர வழியில்லை. அதில் சிறுத்தைக்குத்தான் லாபம். எங்கள் காட்டில் புலிக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கி, கிடைத்த இரையை மரத்தில் ஏற்றி வைத்து வாழ்கிற அது, உங்கள் யாலவிலும் வில்பத்துவிலும் பட்டப்பகலில் ரோட்டின் நடுவே ராஜா மாதிரி படுத்திருக்கும். இந்தியாவிலிருந்து சிறுத்தை பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கூட்டம்தான்.

கேள்வி: தடோபா போய்ப் புலியைப் பார்த்தேன். ஆனால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இருபது ஜீப், ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறிக்கொண்டு போட்டோ, டிரைவர்களுக்குள் சண்டை, நடுவில் அது பாட்டுக்குப் படுத்திருந்தது. வண்டலூரில் பார்த்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. நண்பர்கள் எல்லாம் கண்ணீர் விட்டதாக எழுதுகிறார்கள். என்னிடம்தான் கோளாறா?
– சென்னை வாசகி

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. கண்ணீர் விட்டவர்களில் பாதிப் பேர் போட்டோ சரியாக விழுந்ததற்காக விட்டிருப்பார்கள். நீங்கள் பார்த்தது முடிந்துபோன காட்சி. புலி எங்கே என்று யாரோ கண்டுபிடித்து, செய்தி பரவி, உங்கள் டிரைவர் புழுதி கிளப்பிக்கொண்டு ஓட்டி, நீங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பந்தி முடிகிற நேரத்தில் போய் இலை எடுப்பதைப் பார்த்த மாதிரி.

நான் முதலில் பார்த்தது நாகரஹொளேயில், பார்த்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். கடமான் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். முதலில் வலது பக்கம், அப்புறம் ஒரு பத்து நிமிஷம் அமைதி, அப்புறம் மந்தி, கொஞ்சம் முன்னால். யாரும் பேசவில்லை, எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, பாட்டில் மூடியைத் திறந்தால் சத்தம் வருமோ என்று தண்ணீரும் குடிக்கவில்லை. டிரைவர் விரலைக் காட்டிய இடத்தில் நான் பார்த்தபோது ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது புலியின் பின்பாதி, வால், அவ்வளவுதான். வீட்டில் "முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது பேச்சை மாற்றினேன். ஆனால் அந்த அரைமணி நேரம், காதால் ஒரு புலியைப் பின்தொடர்ந்தேனே, அதற்குப் பிறகு குட்டையில் படுத்த புலி, கொட்டாவி விடும் புலி, குட்டியோடு போகும் புலி எல்லாம் பார்த்தாச்சு, எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

அடுத்த முறை நீங்கள் கிளம்பும்போதே டிரைவரிடமும் கைடிடமும் சொல்லிவிடுங்கள்: கூட்டம் இருக்கிற இடத்துக்கு நாங்கள் ஓட வேண்டாம், புலி பார்க்காவிட்டாலும் உங்களுக்குக் குறை சொல்ல மாட்டோம். அவர்கள் ஓடுவது உங்களுக்காகத்தான், புலி காட்டாவிட்டால் வாடிக்கையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்று. சொல்லிவிட்டால் அவர்களும் நிம்மதியாகிவிடுகிறார்கள், தங்களுக்குப் பிடித்த குட்டைக்கு அழைத்துப் போய் நிறுத்திவிட்டு நிறையக் கதை சொல்வார்கள். மையக்காட்டை விட்டு வெளிவட்டச் சவாரிகளையும் கேட்டுப் பாருங்கள், கூட்டம் குறைவு, அங்கேயும் புலி நடமாட்டம் உண்டு. வண்டலூரில் பார்த்ததற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்றால், இது வேண்டாம் என்று நினைத்தால் எழுந்து போயிருக்கும். உங்கள் இருபது ஜீப்பைச் சகித்துக்கொண்டு படுத்திருந்தது அதன் பெருந்தன்மை.

கேள்வி: புலிக்கு 400 எம்.எம். லென்ஸ் போதுமா, 600 வேண்டுமா? வாடகைக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன்.
– மதுரை வாசகர்

முதல் முறை என்றால் வாடகைப் பணத்தை இன்னொரு சவாரிக்குப் போடுங்கள். பழகாத பெரிய லென்ஸைத் தூக்கி, மூடியைக் கழற்றி, போகஸ் தேடுவதற்குள் புலி அடுத்த மாநிலத்துக்குப் போயிருக்கும். கையிலிருக்கிற கேமரா எதுவோ அது போதும், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். சில காப்பகங்களில் கைபேசிக்கு அனுமதியே கிடையாது, அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முகத்தை மட்டும் எடுக்காமல் பக்கவாட்டில் முழு உடம்பும் வரும்படி ஒன்றாவது எடுத்து வையுங்கள். ஒரு புலிக்கு இருக்கிற கோடுகள் இன்னொன்றுக்குக் கிடையாது, இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும்கூட வேறு வேறு. கணக்கெடுப்பில் பாதையின் இரண்டு பக்கமும் ஜோடியாகக் கேமரா கட்டுவதே அதற்காகத்தான். ஒரு பக்கப் படத்தை மட்டும் வைத்து எண்ணினால் ஒரே புலி இரண்டாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நாடு முழுக்க 3,682 புலிகள், தமிழ்நாட்டில் 306 என்று 2022-க்குச் சொல்லும் மதிப்பீட்டுக்கு அடிப்படை இந்தக் கோடுகள்தான். இந்தக் கேமராக்களைச் சுமந்துபோய்க் கட்டுகிறவர்கள் யார் தெரியுமா, வேட்டைத் தடுப்புக் காவலர்கள், நிறையப் பேர் குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகள், யானையும் கரடியும் இருக்கிற காட்டில் நடந்தே போகிறவர்கள். அவர்களில் ஒருவர் எப்போதாவது டீக்கடையில் அகப்பட்டால் லென்ஸைப் பற்றிப் பேசாமல் அவர் பேசுவதைக் கேளுங்கள்.

கேள்வி: மலேசியாவில் புலியைக் காட்டில் பார்க்க வாய்ப்பு உண்டா?
– ஈப்போ வாசகர்

வாய்ப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டில் காட்டுப் புலிகள் 150-க்கும் குறைவு, மழைக்காடு வேறு அடர்த்தி, பெலும் – தெமெங்கோர் பக்கம் வருஷக்கணக்கில் வேலை செய்கிறவர்களே தானியங்கிக் கேமராப் படத்தில்தான் பார்க்கிறார்கள். சுருக்குக் கம்பி வைக்கிற வேட்டைக்காரர்கள்தான் அங்கே பெரிய தலைவலி. பார்க்க ஆசை என்றால் நாக்பூருக்கு டிக்கெட் போடுங்கள், அங்கிருந்து தடோபாவும் பென்ச்சும் ரோட்டு வழியில் பக்கம்.

கேள்வி: எனக்கு ஜூலை முதல் வாரத்தில் கல்யாணம். அவருக்கும் எனக்கும் காடு என்றால் உயிர். ஹனிமூனுக்கு பாந்தவ்கர் போய் இருவரும் சேர்ந்து முதல் புலியைப் பார்க்க வேண்டும் என்று திட்டம். எப்படிப் பதிவு செய்வது?
– திருச்சி வாசகி

வாழ்த்துகள், ஆனால் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். மத்தியப் பிரதேசத்துக் காப்பகங்களில் ஜூலை முதல் செப்டம்பர் முடிய மழைக்காக மையக்காடு மூடிவிடுவார்கள். நீங்கள் போனால் பாந்தவ்கர் வாசலில் நின்று மழையைத்தான் சேர்ந்து பார்க்கலாம். உங்களுக்கும் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், எப்படியும் பெண்ணை அம்மா வீட்டுக்குச் சீரோடு அழைத்துப்போய் உட்கார வைத்துவிடுவார்கள். அக்டோபரில் திறக்கிறது, அப்போது புல் ஆள் உயரம் நிற்கும், புலி தெரியாது. தலை தீபாவளியை முடித்துவிட்டு, பொங்கலையும் முடித்துவிட்டு, மார்ச், ஏப்ரலில் போங்கள், வெயில் வாட்டும், புலியும் தெரியும். அனுமதிச்சீட்டு அரசு இணையதளத்திலேயே எடுக்கலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் தேதி திறந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: எந்த அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிவு செய்தீர்களோ அதைத்தான் வாசலில் காட்ட வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் பெயர் மாற்றுவதாக இருந்தால் சவாரி முடிந்து வந்து மாற்றிக்கொள்ளுங்கள்.